நம் காரை நாமே பேணுவோம். நம் எல்லையையும் அறிவோம்

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் காராகவோ பெரிய கிராணியாரின் காராகவோதான் இருக்கும். 1985 ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994 ஆம் ஆண்டில் பெரோடுவா கன்சிலும் சந்தைக்கு வந்த பிறகு அந்நிலை படிப்படியாக மாறிற்று. இன்று கித்தாத் தோட்டமாயினும் செம்பனைத் தோட்டமாயினும், வரிசை வீடுகளின் முன்னே ஒன்றிரண்டு கார்களாவது நிற்பதைக் காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை பிறர் ஓட்டிப் பழகிய பின் நம்மிடம் வந்தவை. பிள்ளைகளைப் பள்ளிக்கும், முதியோரை மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பவை அவையே. ஆகவே கார் நம் குடும்பங்களுக்கு ஆடம்பரப் பொருளன்று, இன்றியமையாத துணை.

அத்துணையைப் பேண ஒவ்வொரு முறையும் பட்டணத்துப் பட்டறைக்குச் செல்வதென்றால் நேரமும் பணமும் செலவாகும். எனவே நம்மில் பலர் தாமே மூடியைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். இது வரவேற்கத்தக்க பழக்கமே. ஆயினும் எதுவரை நாம் செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் தெளிவு அதனுடன் சேர்ந்து வரவேண்டும். இவ்விரண்டையும் இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. வாரத்தில் கால் மணி நேரம்

காரின் நலம் பெரும்பாலும் சிறு கவனங்களிலேயே அடங்கியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காரைச் சமதரையில் நிறுத்தி ஐந்து பொருள்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எஞ்சின் எண்ணெய். அளவுகோலை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். கீழ்க்குறிக்கும் தாழ்ந்தால் சிறிது சிறிதாக ஊற்றி மீண்டும் அளந்து பார்க்கலாம். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு. ஆனால், பால் கலந்த காப்பியைப் போன்ற நிறத்தில் இருந்தால் நீர் அதனுடன் கலந்துவிட்டது என்று பொருள். அக்காரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

இரண்டாவது, ரேடியேட்டர் நீர். பக்கத்தில் உள்ள வெண்ணிறத் தொட்டியில் மேல்குறியும் கீழ்க்குறியும் இருக்கும். நீர் அவற்றுக்கு இடையில் இருந்தால் போதும். வாரந்தோறும் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. மீண்டும் மீண்டும் நீரை நிரப்புவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

மூன்றாவது, பிரேக் எண்ணெய். இதன் கிண்ணத்தைத் திறக்காமலே வெளியிலிருந்து அளவைப் பார்க்கலாம். பிரேக் கட்டைகள் தேயத் தேய இவ்வெண்ணெயின் மட்டம் மெல்லத் தாழும். திடீரெனத் தாழ்ந்தால் கசிவு உண்டு என்று கொள்ள வேண்டும்.

நான்காவது, டயர்கள். காற்றின் அளவு ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டப்பட்ட தாளில் எழுதப்பட்டிருக்கும். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது 30 முதல் 33 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். டயர் சூடேறும் முன் அளக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் இருப்பதைக் காணலாம். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் எஞ்சியுள்ளது. மழைநீரை விலக்கும் ஆற்றல் அந்த டயருக்கு இல்லை. மேலும், டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய டயரைப் புதிதென்று எண்ணி வாங்கி ஏமாறாமல் இருக்க இவ்வறிவு உதவும்.

ஐந்தாவது, விளக்குகளும் மழைத்துடைப்பானும். பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஓட்டுபவரால் பார்க்க இயலாது. வீட்டிலுள்ள பிள்ளையைப் பின்னால் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். அப்போது எஞ்சின் அணைந்தும் கைப்பிரேக் இழுத்தும் இருத்தல் வேண்டும்.

தோட்டத்துக் கார்களுக்கு ஆறாவது ஒன்றும் உண்டு. செம்மண் சாலையில் வெயில் நாளில் எழும் புழுதி முழுவதும் காற்று வடிகட்டியில் படிகிறது. வடிகட்டி அடைபட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும்; பெட்ரோல் வீணாகும். இதனைத் திறந்து பார்ப்பதற்குப் பெரும்பாலான கார்களில் சில கொக்கிகளை நீக்கினாலே போதும். தட்டித் தூசி நீக்கலாம்; மிகவும் கறுத்திருந்தால் மாற்றிவிடலாம். கார்க் குறிப்பேட்டில் கூறப்பட்ட காலத்திற்கு முன்னதாகவே நமக்கு இது தேவைப்படும்.

2. டயர் மாற்றும் முறை

செம்பனை மரங்களுக்கு நடுவே டயர் பழுதானால் உதவிக்கு ஆள் கிடைப்பதரிது. எனவே ஆண், பெண் இருபாலாரும் இதனைக் கற்றிருக்க வேண்டும். வரிசையை மனத்தில் கொள்ளுங்கள்.

காரைச் சமமான, கெட்டியான தரைக்குக் கொண்டு செல்லுங்கள். அபாய விளக்கை ஏற்றிக் கைப்பிரேக்கை இழுங்கள். மாற்றவிருக்கும் சக்கரத்திற்கு மூலைக்கு மூலை எதிரேயுள்ள சக்கரத்திற்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். அதன்பின்னரே ஜாக்கியை வைத்துத் தூக்க வேண்டும். மண் இளகியிருந்தால் ஜாக்கியின் அடியில் அகலமான பலகை வையுங்கள். மாற்றுச் சக்கரத்தைக் காரின் விளிம்புக்குக் கீழே படுக்க வைத்திருந்தால், ஜாக்கி சரிந்தாலும் கார் தரையில் வீழாது.

புதிய சக்கரத்தைப் பொருத்தி நட்டுகளைக் கையால் முடுக்கிய பின் காரை இறக்குங்கள். இறக்கிய பிறகே, ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராக இறுக்க வேண்டும். ஏறத்தாழ 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. காருடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் படுக்கலாகாது. சிறிய காரும் ஒரு டன் அளவிற்கு எடையுள்ளது. அது சரிவதற்கு ஒரு நொடி போதும். நாம் வெளியே வருவதற்கு அது போதாது.

3. பேட்டரியும் சூடேறிய ரேடியேட்டரும்

நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டை நெருங்கினால் அதில் ஆற்றல் பெரிதும் தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். அவ்வாறு காட்டாவிடில் குறை பேட்டரியில் இல்லாமல், அதற்கு மின்னேற்றும் கருவியில் இருக்கலாம். விலை குறைந்த அளவுகருவி ஒன்று வீட்டில் இருந்தால், தேவையின்றிப் புதிய பேட்டரி வாங்கும் செலவு மிச்சமாகும்.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் நீக்க வேண்டும். பூட்டும்போது அதனை இறுதியில் இணைக்க வேண்டும். மற்றொரு காரிலிருந்து மின்சாரம் பெறும்போது, சிவப்புக் கம்பியை முதலில் செயலிழந்த பேட்டரியின் நேர்முனையிலும், பின்னர் நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் பொருத்துங்கள். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையைச் செயலிழந்த காரின் எஞ்சினில் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியில், பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி மாட்டுங்கள். காரணம் என்னவெனில், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அதனருகே தீப்பொறி எழுந்தால் பேட்டரி வெடித்துக் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். இதே காரணத்தால் பேட்டரிக்கு அருகில் சிகரெட்டும் கூடாது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் காரணத்தோடு அறிந்துகொள்வோம். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பது பள்ளிப் பாடம். மூடியிட்ட ரேடியேட்டரில் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் முழுவதும் ஒரே நொடியில் பொங்கி எழும். எனவே கார் சூடேறினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். அவசரம் வெந்த கைகளையும் முகத்தையுமே தரும்.

4. நாம் கற்ற பாடம்

பிறருக்கு அறிவுரை கூறும் நாமும் தவறியவர்தாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினோம். பத்தாண்டு பழைய கார் ஒன்று நம்மிடம் இருந்தது. எண்ணெய் மாற்றவும் ஸ்பார்க் பிளக் மாற்றவும் கற்றிருந்தோம். அந்தத் துணிவில், ஒரு சனிக்கிழமை முன்சக்கரங்களின் பிரேக் கட்டைகளையும் நாமே மாற்றினோம். வேலை எளிதாகவே முடிந்தது. பட்டறைக் கூலி மிஞ்சியது என்று மகிழ்ந்தோம்.

நம் வீடு மேட்டில் இருந்தது. கீழே பாதையோரத்தில் மூன்று சிறுவர்கள் கோலி விளையாடிக்கொண்டிருந்தனர். கார் இறக்கத்தில் நகரத் தொடங்கியதும் பிரேக்கை மிதித்தோம். மிதிகட்டை எவ்விதத் தடையுமின்றித் தரைவரை சென்றது. கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்தை ஒடித்து, காரைக் கால்வாயில் இறக்கினோம். சிறுவர்கள் இருந்த இடத்திற்கும் காருக்கும் இடையே பத்தடி இருந்திருக்கலாம். எவருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிரவு நாம் உறங்கவில்லை.

தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். புதுக் கட்டை வைப்பதற்காக நாம் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தோம். அதன்பின் காரை நகர்த்துமுன், மிதிகட்டை கெட்டியாகும்வரை பலமுறை மிதித்திருக்க வேண்டும். அதை நாம் அறியவில்லை. அவ்வளவோடு முடியவில்லை. பெரியவர் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாயை நாம் முறுக்கிய நிலையிலேயே பூட்டியிருந்தோம். அது சில வாரங்களில் தேய்ந்து, நெடுஞ்சாலையில் அறுந்திருக்கும்.

“முதல் தப்பை காரே உங்களுக்குச் சொல்லிருச்சு, சார். ரெண்டாவது தப்பை யாரு சொல்லுவா?” என்று அவர் கேட்டார்.

அக்கேள்வியை நாம் இன்றும் மறக்கவில்லை. ஒரு வேலையை அறியாதவர் செய்வதிலுள்ள ஆபத்து, அவர் தவறு செய்வார் என்பது மட்டுமன்று. தவறு செய்ததே அவருக்குத் தெரியாது என்பதுதான். அனுபவமிக்க மெக்கானிக்கும் தவறு செய்யலாம். ஆனால் எங்கெங்கே தவறு நேரக்கூடும் என்பதை அவர் அறிவார். அவ்விடங்களை மீண்டும் பார்ப்பார்.

5. தொடங்குமுன் மூன்று கேள்விகள்

ஒரு வேலையில் கை வைக்குமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

ஒன்று: இவ்வேலையில் தவறு நேர்ந்தால் கார் ஓடாமல் போகுமா, அல்லது நில்லாமல் போகுமா? ஓடாமல் போனால் நட்டம் பணத்தோடு முடியும். நில்லாமல் போனால் நட்டம் உயிர். ஓட்டத்தைச் சார்ந்த வேலையில் துணியலாம். நிறுத்தத்தையும் திருப்பத்தையும் சார்ந்த வேலையில் துணிதல் கூடாது.

இரண்டு: வேலை சரியாக முடிந்ததா என்று சோதித்தறியும் வழி நமக்குத் தெரியுமா? எண்ணெய் மாற்றினால் அளவுகோல் கூறும். விளக்கு மாற்றினால் கண் கூறும். சோதிக்கும் வழி தெரியாத வேலை நம்முடைய வேலையன்று.

மூன்று: இதற்கென உள்ள கருவி நம்மிடம் உள்ளதா? பொருந்தாத ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கும். கருவியின்றித் தொடங்கிய வேலை, பட்டறையில் இருமடங்கு கூலியில் முடிவதுண்டு.

இக்கேள்விகளின்படி, நாம் விட்டுவிட வேண்டிய வேலைகள் எவையென்று தெளிவாகும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முதலிடம் பெறும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரமேறிய பிறகு அது 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். அதனால்தான் ஈரப்பதம் மிக்க நம் நாட்டில் அதனைக் காலந்தவறாமல் மாற்றச் சொல்கிறார்கள். அதில் எஞ்சின் எண்ணெயைத் தவறி ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். அடுத்து, விபத்துக் காற்றுப்பை. அதன் மின்கம்பிகள் பெரும்பாலும் மஞ்சள் உறையிட்டிருக்கும். அவற்றைத் தொடலாகாது. மின்கலத்தாலும் ஓடும் கலப்புவகைக் கார்களில் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உடையவை. அவற்றையும் தொடலாகாது. சுருள்வில், டைமிங் பெல்ட், பெட்ரோல் குழாய் ஆகியவையும் பயிற்சி பெற்றவரின் கைக்கே உரியவை.

வெள்ளத்தில் மூழ்கிய காரும் அவ்வாறே. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வெள்ளம் வந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. நீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவது பெருந்தவறு. எஞ்சினுக்குள் புகுந்த நீரை அழுத்திச் சுருக்க இயலாது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டுகளே வளையும். பேட்டரி இணைப்பை நீக்கி, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே சிக்கனம்.

6. பட்டறையில் நம் கடமை

எல்லையறிதல் என்பது கண்ணை மூடிக்கொண்டு பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பதன்று. காரை அறிந்தவரே குறையைத் தெளிவாகச் சொல்ல முடியும். ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்பதைவிட, ‘காலையில், இடப்புறம் திரும்பும்போது, முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது’ என்று கூறுவது பாதி வேலையை முடித்துவிடும். வேலை தொடங்குமுன் எவ்வளவு வெள்ளி ஆகும் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதுகளைத் தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்த நோட்டுப் புத்தகமே அதன் மதிப்பை உயர்த்தும்.

நாமே எண்ணெய் மாற்றினால் கழிவெண்ணெயைப் பற்றிய பொறுப்பும் நம்முடையதே. அதனைக் கால்வாயிலோ மரத்தடியிலோ ஊற்றினால் அது ஆற்றை அடையும். 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளிலும் கழிவு மசகெண்ணெய் இடம்பெற்றுள்ளது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, அதனை ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைப்பதே நன்று.

இத்துறையில் ஆர்வமுள்ள நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். கை வேலையில் விருப்பம் இருப்பது ஒரு செல்வம். அதனை அரைகுறையாக விட்டுவிடாமல், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெறுங்கள். இன்று நாம் விட்டுவிடச் சொல்லும் வேலைகளையெல்லாம் நாளை நீங்கள் தோட்டத்து மக்களுக்காக முறையோடு செய்து கொடுக்கலாம்.

சிந்திப்போம், விடை காண்போம்

1. பேட்டரியைக் கழற்றும்போது எம்முனையை முதலில் நீக்க வேண்டும்?
2. ரேடியேட்டர் நீர் வாரந்தோறும் குறைந்தால் அது எதனைக் காட்டுகிறது?
3. காருடன் வரும் ஜாக்கியை எவ்வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம்?
4. உங்கள் காரின் டயர்கள் எந்த ஆண்டு, எந்த வாரத்தில் செய்யப்பட்டவை? இன்றே சென்று பார்த்து எழுதுங்கள்.
5. நீங்கள் அண்மையில் காரில் செய்த வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளுக்கும் அது ஏற்ற விடை தருகிறதா?

ஐந்தாவது வினாவிற்கு ‘இல்லை’ என்பது விடையானால் வருந்த வேண்டியதில்லை. காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்து, தெரிந்தவர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். நமக்கு அன்று அந்தப் பெரியவர் கிடைத்தார். ஆனால் அவர் வந்தது கார் கால்வாயில் இறங்கிய பிறகு. நீங்கள் அதற்கு முன்னரே அழையுங்கள்.